கல்வெட்டை வலம் வந்த ஒளிப்படம்

தமிழ்நாட்டில் எடுக்கப்பெற்ற ஒளிப்படங்களுள் எழுத்தை நேசிப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய படம் ஒன்று உண்டு. 1858-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலில் எடுக்கப்பெற்றது அது. அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. 21 தனிப் படங்களை வரிசையாக ஒட்டி அது உருவாக்கப்பெற்றது. வானளாவிய விமானத்தை விடுத்து, அவ்விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளையே அப்படம் தன் பொருளாகக் கொண்டது. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர்.

அகலக்காட்சிப் படம் என்றதும் மலைத்தொடர், கடற்கரை, நகரத்தின் கூரைகள் என்பனவே நம் நினைவிற்கு வரும். நம் நாட்டில் அக்கலையின் தொடக்கக் காலத்திலேயே ஒருவர் அதனை ஒரு நூலைப் பக்கம் பக்கமாகப் படியெடுப்பது போல் கல்லெழுத்தின்மேல் செலுத்தினார் என்பது வியப்பிற்குரியது. படச்சுருள் இட்ட பழைய ஒளிப்படக் கருவியைக் கொண்டு இக்கலையைப் பயில விரும்புவோர்க்கும், கல்வெட்டுகள் நிறைந்த தகடூர் நாட்டில் வாழும் நமக்கும் அப்படம் கூறும் செய்தி உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனோரமா என்னும் சொல்

அகலக்காட்சியைக் குறிக்கும் ‘பனோரமா’ என்னும் சொல் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கப்பெற்றது. அனைத்தையும் காணுதல் என்பது அதன் பொருள். எடின்பரோவில் வாழ்ந்த இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் 1787-இல் வட்ட வடிவ ஓவியம் ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். காண்போர் நடுவில் நிற்பர். ஓவியம் அவரைச் சூழ்ந்திருக்கும். சில ஆண்டுகளில் இலண்டனில் அதற்கெனத் தனிக் கட்டடமே எழுந்தது.

இக்கலை மிக விரைவில் போர்க்களத்தை நாடியது. 1799-இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அடுத்த ஆண்டே இராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் இளைஞர் அம்முற்றுகையை 120 அடி நீள ஓவியமாகத் தீட்டி இலண்டனில் காட்சிக்கு வைத்தார். நம் பகுதி அடங்கிய பாரமகால் நாடு 1792 வரை திப்புவின் ஆட்சியில் இருந்து, பின்னர்க் கும்பினியார் கைக்கு மாறியதாகும். நம் பாட்டனார்தம் பாட்டனார் அறிந்திருந்த போர்களின் முடிவை இலண்டன் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக் கண்டு களித்தனர்.

ஒளிப்படக் கலை 1839-இல் உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. ஆறு ஆண்டுகள் கழிவதற்குள் பாரிசில் வாழ்ந்த பிரெடரிக் மார்ட்டென்சு என்பவர் வளைந்த தகட்டின்மேல் வில்லையைத் திருப்பி, 150 பாகை அளவுள்ள காட்சியை ஒரே படத்தில் அடக்கும் கருவியை அமைத்தார். ஆயினும் பெரும்பாலோர் கையாண்ட முறை வேறு. ஒரே இடத்தில் முக்காலியை ஊன்றிக் கருவியைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்து, அவற்றின் விளிம்புகளை வெட்டி ஒட்டுவதே அம்முறை. பெலிச்சே பியாட்டோ என்பவர் 1858-இல் இலக்னோவின் கைசர்பாக் அரண்மனையிலிருந்து எடுத்த நகரக் காட்சி இவ்வகையினது. முந்தைய ஆண்டின் பெருங்கிளர்ச்சியில் சிதைந்த நகரம் அது. உயர்ந்த ஓரிடத்தில் நின்று, தோற்ற நகரைத் தலை திருப்பிப் பார்க்கும் பார்வை அப்படத்தில் உள்ளது.

அதே ஆண்டில்தான் தஞ்சையில் டிரைப் தம் பணியைச் செய்தார். பியாட்டோ நின்று திரும்பினார். டிரைப் சுவரையொட்டி நகர்ந்தார். இவ்வேறுபாடு தொழில்நுட்பத்தளவில் சிறியது போல் தோன்றினும், காண்போனுக்கும் காணப்படும் பொருளுக்கும் உள்ள உறவையே அது மாற்றிவிடுகிறது.

டிரைப்பின் பயணம்

லின்னேயஸ் டிரைப் 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1839-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையிற் சேர்ந்தார். விடுப்பில் தாய்நாடு சென்றிருந்தபோது ஒளிப்படக் கலையைக் கற்றார். 1854-இன் இறுதியில் ஹளேபீடு, பேளூர் கோயில்களைப் படமெடுத்து, அடுத்த ஆண்டு சென்னைப் பொருட்காட்சியில் வைத்துப் பரிசு பெற்றார். 1855-இல் பருமா நாட்டு மன்னரிடம் சென்ற தூதுக்குழுவுடன் அரசு ஒளிப்படக்காரராகச் சென்றார். அதன் பின்னர்ச் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் என்னும் பதவி அவருக்கு வழங்கப்பெற்றது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, 1858-இன் முற்பகுதி முழுவதும் தமிழ்நாட்டில் அவர் பயணம் செய்தார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்கள் அவர்தம் படத்தொகுதிகளுக்குப் பொருளாயின. அத்தொகுதிகளுள் ஒன்றின் தலைப்பில் ‘இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும்’ என்று காண்கிறோம். இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் அடங்கும் இராயக்கோட்டை 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நம் மண்ணின் மலைக்கோட்டை ஒன்று ஒளிப்படக் கலையின் குழந்தைப் பருவத்திலேயே வெள்ளி உப்பில் பதிவாகியது என்பதை நம் வட்டத்து அன்பர்கள் நினைவிற் கொள்ளலாம்.

அந்நாளில் படச்சுருள் இல்லை. ஈஸ்ட்மன் நிறுவனத்தின் செல்லுலாயிடு சுருள் விற்பனைக்கு வந்தது 1889-இல்தான். டிரைப் கையாண்டது மெழுகுத்தாள் முறை. பிரான்சு நாட்டு குஸ்தாவ் லெ கிரே 1851-இல் வெளியிட்ட முறை அது. நல்ல தாளை எடுத்து உருக்கிய மெழுகில் தோய்ப்பர். அயோடைடு கரைசலில் ஊறவைத்து உலர்த்துவர். பின்னர் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் நனைத்துக் கழுவி மீண்டும் உலர்த்துவர். அக்காலத்தில் பரவிவந்த கொலோடியன் கண்ணாடித் தகடு ஈரம் காய்வதற்குள் பயன்படுத்தப்பட வேண்டியது. நம் நாட்டு வெயிலில் அது பெருந்தொல்லை. மெழுகுத்தாளை முன்னதாகவே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம், உடையவும் உடையாது. ஆனால் அதன் ஒளியுணர்வு மிகக் குறைவு. வில்லையைத் திறந்து வைத்துப் பல நிமிடம் காத்திருக்க வேண்டும்.

நடமாடும் மனிதர் அத்தகைய படத்தில் நிழலாகக் கரைந்துவிடுவர். அசையாதிருக்கும் கல்லே அம்முறைக்கு ஏற்ற பொருள். டிரைப்பின் படங்களில் மண்டபங்களும் தூண்களும் இத்துணைத் தெளிவாகவும் மக்கள் மிக அரிதாகவும் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எழுத்தின் நீளம்

தஞ்சை விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை நேரில் கண்டோர் அவற்றின் அமைப்பை அறிவர். தாளில் எழுதுவதுபோல் நான்கு விளிம்புக்குள் அவை அடங்குவதில்லை. வரிகள் சுவரின் நீளத்திற்கு ஓடுகின்றன. அரைத்தூணின் முகத்தில் ஏறி, பக்கத்தில் திரும்பி, உட்குழிவில் இறங்கி மீண்டும் வெளிவருகின்றன. ஒரு பக்கச் சுவரில் தொடங்கிய சாசனம் மூலையில் திரும்பி அடுத்த பக்கத்தில் தொடர்வதும் உண்டு. ஓரிடத்தில் நின்றுகொண்டு அவற்றைப் படித்துவிட முடியாது. படிப்பவன் நடக்க வேண்டும்.

அவ்வரிகள் கூறுவன யாவை? முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1010-இல், விமானத்தின் உச்சியில் பொற்குடம் வைக்கக் கொடுத்தான். அடுத்த ஆட்சியாண்டில், தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கையார் கொடுத்தவற்றையும் தன் தேவியர் கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் திருவிமானத்துக் கல்லிலே வெட்டுமாறு ஆணையிட்டான். பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகள் நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். ஒவ்வோர் அணியிலும் கோத்த முத்துகள் எத்தனை, அவற்றுள் குறையுடையன எத்தனை என்பது வரை எழுத்தில் உள்ளது. கொடையாளர் வரிசையில் அரசனோடு அதிகாரிகளும் பிறரும் இடம்பெற்றனர். அக்கோயிலின் கல்வெட்டுகளில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் முன்பு வாழ்ந்த ஊர்களுடனும் இப்போது குடியேறிய வீடுகளின் வரிசையுடனும் பொறிக்கப்பெற்றுள்ளன. திருப்பதியம் விண்ணப்பம் செய்த 48 பேரின் பெயர்களும் உள்ளன. உலக வரலாற்றில் ஆடற்பெண்டிரின் பெயர்களை இவ்வாறு ஒவ்வொன்றாகக் காத்துவைத்த கற்சுவர் மிக அரிது.

இத்தகைய எழுத்தின் ஒரு துண்டை மட்டும் படமெடுத்தால் அது அலங்காரமாகவே எஞ்சும், வாக்கியம் ஆகாது. எழுவாய் ஒரு படத்தில் நின்றுவிடும், பயனிலை பத்தடி தள்ளி இருக்கும். ஆகவே வரி அறுபடாமல் முழுவதையும் எடுக்க வேண்டுமானால் கருவியும் சுவரோடு நகர்ந்தாக வேண்டும். ஒருமுறை நிறுத்தி, சமன் பார்த்து, தாளை இட்டுக் காத்திருந்து, மூடி, அடுத்த இடத்திற்கு நகர்ந்து, மீண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும். இருபத்தொரு முறை டிரைப் இவ்வாறு செய்தார். ஒன்று பிழைத்தாலும் தொடர் அறுந்துவிடும். தூரமோ உயரமோ மாறினால் எழுத்தின் அளவு படத்திற்குப் படம் மாறும்; ஒளி மாறினால் ஒட்டிய இடம் கண்ணை உறுத்தும்.

முதலாம் இராசராசனின் கல்தச்சர் சுவரை வலம் வந்து எழுத்தை வெட்டினர். எண்ணூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு மரப்பெட்டி அதே வழியில் அவ்வெழுத்தைப் பின்தொடர்ந்தது.

கண்டதும் படித்ததும்

இப்பணியின் பின் நிகழ்ந்தது வருத்தத்திற்குரியது. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், அரசின் நிதிநிலையை எண்ணி, ஒளிப்படப் பணியை வேண்டாத ஆடம்பரச் செலவெனக் கருதினார். 1860-இல் அத்துறை மூடப்பெற்றது. டிரைப் மீண்டும் படைப்பணிக்குத் திரும்பினார். 1902-இல் தாம் பிறந்த ஊரிலேயே மறைந்தார். அவர்தம் படங்கள் பெரும்பாலும் அயல்நாட்டுக் காப்பகங்களிற் கிடந்தன. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாசிங்டனிலும் நியூயார்க்கிலும் இலண்டனிலும் பெருங்காட்சி நடந்தபோதே உலகம் அவரை முழுமையாக மதிக்கத் தொடங்கியது.

இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது மற்றொன்று. படம் எடுக்கப்பெற்ற 1858-இல், தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய மன்னன் யார் என்பது தெளிவாகியிருக்கவில்லை. பிற்காலத் தலபுராணம் கரிகாலனைக் கூறியது. ஆய்வாளர் கருத்துகளோ ஒன்றோடொன்று முரண்பட்டன. ஈ. ஹுல்ஷ் 1886-இல் அரசின் கல்வெட்டு ஆய்வாளராக அமர்ந்து, அக்கோயிலின் சாசனங்களைப் படியெடுத்துப் படித்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதி 1891-இல் அச்சேறியது. இராசராசனே அக்கோயிலை எடுப்பித்தான் என்பது அதன் பின்னரே ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது.

அதாவது, அம்மன்னன் தன் பெயரைப் பொறித்த சுவரின் 19 அடி நீளப் படம், அவன் யாரென்னும் வினா தீர்வதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே உலகில் இருந்தது. கண்கள் அதனைக் கண்டன, வியந்தன. படிப்பார் இல்லாமையால் எழுத்து வாய் திறக்கவில்லை. ஒளிப்படம் எழுத்தைக் காக்கும். எழுத்திற்குக் குரல் கொடுக்க மற்றொருவர் வேண்டும். இக்கலையைப் பயில்வோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இதுவேயாகும்.

இன்று பயில்வோர்க்கு

டிரைப்பிற்குப் பின் அகலக்காட்சிக் கருவிகள் பல தோன்றின. 1904-இல் அமெரிக்காவில் வந்த சர்க்கட் கருவி தானே சுழன்றபடி நீண்ட படச்சுருளில் காட்சியைப் பதித்தது. நூற்றுக்கணக்கானோர் வளைந்த வரிசையில் அமர்ந்திருக்கும் பள்ளி, படைப்பிரிவுக் குழுப்படங்கள் அதன் கொடை. கருவி ஒரு முனையிலிருந்து திரும்பி முடிப்பதற்குள் குறும்புக்கார மாணவன் பின்புறமாக ஓடி மறுமுனையிலும் இடம்பிடித்துவிடும் கதை அக்கருவியால் பிறந்ததே. பின்னாளில் சப்பானில் ஒய்டுலக்சு, உருசியாவில் ஹொரிசான்ட் என்னும் சுழல்வில்லைக் கருவிகள் வந்தன. 1998-இல் வெளிவந்த ஹாசல்பிளாடு எக்ஸ்பேன், சாதாரண 35 மில்லிமீட்டர்ச் சுருளில் 65 மில்லிமீட்டர் அகலப் படத்தைத் தந்தது. அதன் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆயின. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் வழங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் இன்று இயங்கவில்லை. ஆயினும் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் அயல்நாட்டிலிருந்து வருகின்றன; கழுவும் மருந்துகளும் கிடைக்கின்றன.

அரிய கருவி எதுவும் தேவையில்லை. பழைய 35 மில்லிமீட்டர்க் கருவியும் 50 மில்லிமீட்டர் வில்லையும் முக்காலியும் போதும். சுவருக்கு இரண்டு மீட்டர் தள்ளிக் கருவியை வைத்தால் ஒரு படத்தில் 1.44 மீட்டர் அகலமும் 96 சென்டிமீட்டர் உயரமும் அடங்கும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தன்னுள் கொள்ளுமாறு 96 சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து வந்தால், 36 படங்கள் கொண்ட ஒரே சுருளில் 35 மீட்டர் நீளச் சுவர் அடங்கிவிடும். நம் பகுதிக் கோயில் ஒன்றின் அடித்தளத்தைப் பதிவு செய்ய ஒரு சுருள், மிஞ்சினால் இரண்டு சுருள், தேவைப்படும்.

கடைப்பிடிக்க வேண்டியன சில. தரையில் சுவருக்கு இணையாக ஒரு கயிறு கட்டி, முக்காலியின் கால் அதனை விட்டு விலகாதவாறு நகர்த்த வேண்டும். கருவியின் முதுகு சுவருக்கு நேரிணையாக இருத்தல் வேண்டும். நின்ற இடத்திலேயே திருப்பினால் சுவர் வில்லாக வளையும். ஒளி அளவை முதற்படத்தில் கணித்துப் பின் மாற்றாதிருத்தல் நலம். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து எழும். எனவே வெயில் சுவரைச் சாய்வாகத் தடவிச் செல்லும் வேளையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சுவருக்குச் சுவர் அவ்வேளை வேறுபடும். எழுத்தின்மேல் சுண்ணக்கட்டியால் கோடிழுத்தல் தவறு. இழுப்பவன் தான் படித்ததை எழுத்தின்மேல் ஏற்றிவிடுகிறான். அளவுகோல் ஒன்று எல்லாப் படத்திலும் இருக்க வேண்டும்.

ஒட்டும் வேலையில் ஒரு நுட்பம் உண்டு. அரைத்தூண் போன்று புடைத்த பகுதியை இரண்டு இடத்திலிருந்து எடுக்கும்போது, ஒன்றில் அதன் இடப்பக்கமும் மற்றொன்றில் வலப்பக்கமும் தெரியும். அவ்விடத்தில் இரு படங்களும் பொருந்தமாட்டா. ஆதலால் சமதளமான பகுதியில், இரண்டு எழுத்துகளின் இடைவெளியில் வெட்ட வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் ஏதேனும் ஒரு படத்திலாவது முழுமையாக இருந்தாக வேண்டும். செய்யுளைச் சீர் பிரிப்போர் அறிந்த கவனமே இதுவும்: தவறான இடத்தில் பிரித்தால் பொருள் கெடும்.

கணினியின் துணையால் நொடியில் ஒட்டும் வசதி வந்துவிட்ட நாளில் இவ்வுழைப்பு எதற்கு என்று கேட்கலாம். விரைவாகப் பல படம் எடுக்கும் கருவிகளின் பயன் பெரிது, அதனை மறுப்பாரில்லை. படச்சுருள் தரும் பயிற்சி வேறு. முப்பத்தாறு படமே உண்டு என்னும் எல்லை, எடுப்பதற்கு முன் சுவரை முழுவதும் நடந்து பார்க்கச் செய்கிறது. நடந்து பார்ப்பவன் எழுத்துக் கூட்டத் தொடங்குகிறான். கழுவி உலர்த்திய படச்சுருளோ எக்கருவியும் இன்றி ஒளியில் பிடித்துப் பார்க்கத்தக்க சான்றாகவும் நிற்கிறது.

தகடூர் நாட்டுக் கடமை

நம் கம்பைநல்லூர் கல்வெட்டு வரலாற்றில் பெயர் பெற்ற ஊர். தகடூர் அதியமான் மரபில் வந்து, மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் ஆண்ட விடுகாதழகிய பெருமாளின் பெயர் இவ்வூர்க் கல்வெட்டில் காணப்படுகிறது. போளூரை அடுத்த திருமலையில், தன் முன்னோன் எழினி நிறுவிய இயக்கன், இயக்கி உருவங்கள் சிதைந்து கிடப்பதைக் கண்டு சீர்செய்தவனாகக் கல்வெட்டுக் கூறுவதும் இவனையே. முன்னோர் வைத்ததைப் பின்வந்தோர் காத்தல் என்னும் அறம் இம்மண்ணில் பழையது.

நம் மாவட்டமும் அண்டைப் பகுதிகளும் நடுகற்களின் நிலம். செங்கம் நடுகற்கள் 1972-இல் நூலாக வெளிவந்தபின், மாடு மீட்டு இறந்த மறவர்களின் பெயர்கள் தமிழறிஞர் நாவில் மீண்டும் ஒலித்தன. தருமபுரி அகழ்வைப்பகத்தில் பல நடுகற்கள் காக்கப்படுகின்றன. காப்பகம் சேராத கற்களும் கோயிற் சுவர்களும் அந்நிலையில் இல்லை. திருப்பணியின்போது வண்ணமும் சிமென்டும் எழுத்தை மூடுகின்றன. மணல்வீச்சு எழுத்தின் விளிம்பைத் தேய்க்கிறது. பிரித்துக் கட்டும்போது கற்கள் இடம்மாறி வாக்கியம் குலைகிறது. வரிசை மாறுவதற்கு முன் எடுத்த தொடர்ப்படம் ஒன்று இருந்தால், குலைந்த வாக்கியத்தை மீண்டும் கோக்க முடியும். தனித்தனிப் படங்களால் அது இயலாது.

பத்தாண்டுகளாக ஓலையிலும் அச்சிலும் உள்ள தமிழைப் பயின்றுவந்த நம் வட்டம், கல்லில் உள்ள தமிழையும் தன் பணியாகக் கொள்ளல் தகும். தொல்லியல் துறையின் இசைவும் கோயில் நிருவாகத்தின் ஒப்புதலும் பெற்று, நம் ஊர்த் தேசிநாதேசுவரர் கோயிலிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு முறையும் இருவர் சேர்ந்து செல்ல வேண்டும்: ஒருவர் கருவியை நகர்த்துபவர், மற்றவர் கல்லெழுத்துப் பயின்றவர். ஒவ்வொரு படத்தின் எண்ணுக்கும் எதிரே, அப்படத்தில் உள்ள வரிகளின் படிப்பு அன்றே குறிப்பேட்டில் எழுதப்பெற வேண்டும். விளங்காத எழுத்துக்குப் புள்ளியிட்டு இடம்விட வேண்டும். தஞ்சைப் படத்திற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துக் கிட்டிய வாசகர், நம் படங்களுக்கு முதல்நாளே அருகில் நிற்பார்.